முதலில் ஊரைக் காட்டு

அன்பு மகனுக்கு,

ஆடியில் பிள்ளைகளோடு வருகிறாய் என்றதும் அம்மா மிளகாய்த்தூளுக்கு வறுக்கத் தொடங்கிவிட்டாள். நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். திருகோணமலைக்கு ஒரு பகல், மிச்சமெல்லாம் நிலாவெளி ஹோட்டல். தம்பி, அதைக் கொஞ்சம் மாற்று. கடல் எங்கும் போய்விடாது. முதலில் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டு.

கோணேசர் கோயிலுக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க வேண்டும். ஓட்டோவில் நேரே மேலே போகாமல் பிரெட்ரிக் கோட்டை வாசலில் இறங்கி நடவுங்கள். வாசல் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கும். பக்கத்தில் தமிழ் எழுத்துகள், பாதி சிதைந்துபோய். கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லு. சம்பந்தர் பதிகம் பாடிய கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள் என்பதை அங்கே வைத்தே சொல்லிக்கொடு. மேலே போனால் கடலைக் கண்டுவிடுவார்கள், பிறகு ஒன்றும் காதில் ஏறாது.

வழியில் மான்கள் கிட்ட வரும். பிஸ்கட் பைக்கற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுக்காதே. பொலித்தீனைத் தின்று எத்தனையோ மான் செத்திருக்கிறது, எனக்கு அது பொறுக்கமுடியாத விஷயம்.

1950இல் கோயிலுக்குக் கொஞ்சத் தூரத்தில் நகரசபை ஆட்கள் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. திரும்பக் கட்டிய கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. உள்ளே கும்பிடும்போது இதையும் பேத்திக்குச் சொல்லு, அவளுக்குக் கதை பிடிக்கும். கோயில் பக்கத்துப் பாறைப் பிளவான இராவணன் வெட்டை எட்டிப் பார்க்கும்போது மட்டும் சின்னவனின் கையை விடாதே.

கன்னியாவுக்கு வெயில் ஏறமுன் போகவேண்டும். ஏழு சின்ன வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு மாதிரி. இறங்கிக் குளிக்க முடியாது, வாளியால் அள்ளித்தான் வார்க்கலாம். அப்பம்மா இறந்தபின் செய்யும் அந்தியேட்டிக் கிரியையை அங்கேதான் செய்தோம், நீ அப்போது வரமுடியாமல் போனது. இந்த முறை அவவை நினைத்து ஒரு வாளி வார்த்துக்கொள். அந்தப் பக்கம் போனால் வெல்கம் விகாரையையும் பார்த்துவிட்டு வாருங்கள். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். பௌத்தப் பள்ளியில் விளக்கெரிக்கத் தமிழர் கொடுத்த கொடை தமிழிலேயே கல்லில் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டாயம் அறியவேண்டிய விஷயம் இது.

அப்புறம் நிலாவெளிக்குப் போ, சந்தோஷமாகப் போ. வழியில் உப்புவெளியில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகள் இருக்கின்றன, ஐந்து நிமிடம் இறங்கினால் போதும். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டதைப் பெரியவன் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கமாட்டான். புறாத்தீவுக்குப் படகில் போகலாம், அந்த மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும். பவளப்பாறையில் யாரும் கால் வைக்கவேண்டாம். மிதித்தால் செத்துவிடும்.

பின்னேரங்களை எங்களுக்கு விடு. டச்சு பே கடற்கரையில் உட்கார்ந்து இறால் வடை சாப்பிடலாம், மருமகளுக்கு உறைப்புக் குறைவாகக் கேட்டு வாங்குகிறேன்.

ரயிலா வானா என்று முடிவெடுத்ததும் சொல்லு. இரவு ரயில் என்றால் விடியவே ஸ்டேஷனில் வந்து நிற்பேன்.

அன்புடன்,
அப்பா