மூன்று மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் அதிகார சபையை அமைத்த 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பற்றியது இந்த மடல். வொறண்டிக்கு ஒவ்வாத பொருளை விற்றால் உங்களிடம் முறையிடலாம். விசாரித்து நட்டஈடோ, மாற்றுப் பொருளோ, கொடுத்த காசோ வாங்கித் தருவீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்கிறது அதே பிரிவு.

பால்மாவுக்கு அது சரி. கார் விற்பவர்களோ மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றர் என்று வொறண்டி தருகிறார்கள். மூன்று மாதத்தில் நம்மவர்கள் பலர் சீற்றின் பொலித்தீன் உறையையே கழற்றுவதில்லை!

என்னுடையது ஹைபிரிட். பிறேக் மிதிக்காதபோதும் முன்பக்கத்தில் சின்னதாக ஒரு 'கிர்ர்' சத்தம் வந்து வந்து போகும். வொறண்டி இருக்கும்போதே சேர்விஸ் செய்யும் இடத்தில் சொன்னேன். வேலை விபரம் பதியும் ஜொப் கார்டில் 'சத்தம் – சாதாரணம்' என்று எழுதிக் கையில் தந்தார்கள். வொறண்டி முடிந்த சில கிழமைகளில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஸ்கேன் பண்ணினால், பிறேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் பாகமான பிறேக் அக்சுவேற்றர் போய்விட்டது. உள்ளே அழுத்தம் கசிந்து, அதை ஈடுகட்டப் பம்ப் அடிக்கடி ஓடியிருக்கிறது. நான் கேட்ட சத்தம் அதுதான். "வொறண்டி முடிஞ்சுது, இனி ஒண்டும் செய்யேலாது" என்றார்கள். பழுது வொறண்டிக்குள் வந்ததற்கு அவர்கள் எழுதிய ஜொப் கார்டே சாட்சி. லீசிங் இன்னும் கட்டி முடியவில்லை என்பது வேறு கதை.

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம்தான். வழக்கு முடிவதற்குள் ஆகும் செலவில் இன்னொரு அக்சுவேற்றரே வாங்கிவிடலாம்.

ஆகவே, மூன்று மாதத்தைப் பழுது தெரியவந்த நாளிலிருந்து எண்ணும்படி சட்டத்தைத் திருத்த அமைச்சுக்குப் பரிந்துரை செய்யுங்கள். வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் 10ஆம் பிரிவின் கீழ் உங்களிடமே இருக்கிறது. வொறண்டிக் காலத்தில் ஜொப் கார்டில் பதிந்த குறை பின்னர் பழுதாக முற்றினால், அது வொறண்டிக்குள் அடங்கும் என்று ஒரு பணிப்புரையாவது வெளியிடலாமே.

2025இல் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. அப்போது மூன்று வருட வொறண்டியுடன் வாங்கியவர்களுக்கு 2028இல் அது முடியத் தொடங்கும். அதற்கு முன் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உவர்மலை வாகன உரிமையாளர் ஒருவர்