கண்ணாடி கொண்டு வந்த அக்காவுக்கும் எங்கள் பிளாக்குக்கும் நன்றி

வணக்கம். அம்மாவின் தையல் பிரித்தாகிவிட்டது. புண் ஆறி வருகிறது. சர்க்கரைப் புண்ணால் கால் விரல் போனது போனதுதான், ஆனால் கால் தப்பித்தது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், கூடவே ஓடியவர்கள் நீங்கள்தானே. அதனால் அதை மறுபடி எழுதவில்லை.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்த டாக்டர்கள், ராத்திரியெல்லாம் வந்து பார்த்த நர்ஸ் அக்காக்கள், ரத்தம் கொடுத்த தம்பிகள், ஆட்டோவுக்குக் காசு வாங்க மறுத்த அண்ணன், என் பிள்ளைகளைப் பட்டினி போடாத எதிர்வீட்டு அத்தை, எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நம் வியாசர்பாடி பக்கம் வீடு வீடாக வரும் அக்கா. பி.பி., சர்க்கரை பார்க்க வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும். அவருக்குச் சொல்லப்பட்ட வேலை அவ்வளவுதான். அம்மா வீடு திரும்பிய மறுவாரம் வந்தவர், மாத்திரையைக் கொடுத்த பிறகும் கிளம்பவில்லை. “இன்னொரு காலைக் காட்டுங்கம்மா” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கட்டுப் போட்ட காலையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மற்ற காலை யாரும் கேட்கவில்லை. சர்க்கரையில் நரம்பு கெட்டுப்போனதால் அம்மாவுக்குப் பாதத்தில் எது குத்தினாலும் உறைக்காது. முழங்கால் வலியில் குனிந்து பார்க்கவும் முடியாது. பகலில் வீட்டில் வேறு ஆளும் இல்லை.

மறுநாள் அக்கா மறுபடி வந்தார். பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்தார். பச்சை பிளாஸ்டிக் சட்டம் போட்டது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அதைத் தரையில் வைத்து, “இதுக்கு மேல காலைத் தூக்கிப் பிடிங்க. பால் சட்டியில அடிப்பிடிச்சிருக்கான்னு பார்ப்பீங்கல்ல, அந்த மாதிரி தினமும் பாருங்க” என்றார். குதிகால், விரல் இடுக்கு, பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேடு என்று ஒவ்வொரு இடமாகக் காட்டினார். அப்புறம் வாசலில் கிடந்த செருப்பை எடுத்துத் தட்டி, உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். சர்க்கரை உள்ளவர்கள் பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்புக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடி எவ்வளவு என்று கேட்டேன். “வீட்டுல சும்மா கிடந்தது” என்றார். அவர் போன பிறகு திருப்பிப் பார்த்தால், பின்னால் விலைச்சீட்டு அப்படியே ஒட்டியிருக்கிறது.

போன வாரம் அந்தக் கண்ணாடியில்தான் அம்மா குதிகாலில் ஒரு கொப்புளத்தைக் கண்டுபிடித்தார். அன்று சாயங்காலமே அரசின் நகர்ப்புற நலவாழ்வு மையத்துக்குப் போனோம். டாக்டர் பார்த்து மருந்து கொடுத்தார், நர்ஸ் கட்டுப் போட்டார். கொப்புளம் கொப்புளத்தோடு நின்றது.

தமிழ்நாட்டு நகரங்களுக்கு இப்படி 708 மையங்கள் என்று அறிவித்து, 2023 ஜூன் 6 அன்று ஒரே நாளில் 500 மையங்களைத் திறந்தார்கள். காலை 8 முதல் 12 வரை, மறுபடி மாலை 4 முதல் 8 வரை. அந்த மாலை நேரத்தை யோசித்து வைத்தவர் யாரோ, அவருக்கும் என் நன்றி. ஒரு நாள் கூலி போய்விடுமே என்று புண்ணை நாளைக்கு, நாளைக்கு எனத் தள்ளிப்போட்டவர்கள் நம் பிளாக்கிலேயே எத்தனை பேர்!

அக்கா வேலை பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது 2021 ஆகஸ்டில். லிஃப்ட் இல்லாத இந்த மாடிகளை ஏறி இறங்குகிற தன்னார்வலர்களுக்குக் கிடைப்பது சம்பளம்கூட இல்லை, ஊக்கத்தொகைதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அவர்கள் முறையான சம்பளம் கேட்டு எங்கே நின்றாலும் நானும் போய் நிற்பேன்.

அப்புறம், நம் பிளாக்கில் சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு ஆளுக்கொரு கண்ணாடி வாங்கித் தருவது என் பொறுப்பு. காலில் சின்னதாக ஏதாவது தெரிந்தாலும் சொல்லி அனுப்புங்கள். நான் ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்துவிடுவேன், மையத்துக்கு நானே கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
இரண்டாம் மாடி அம்மாவின் மகள்