முதுமலையில் பறவை பார்க்க நம் ஊர்ப் பழக்கம் உதவாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்குப் பறக்கும் நம் குடும்பங்களில் பல, ஊட்டியோடு சேர்த்து நீலகிரியின் முதுமலைப் புலிகள் காப்பகத்தையும் பயணத் திட்டத்தில் வைத்துக்கொள்கின்றன. தெப்பக்காட்டு யானை முகாம், வனத்துறை வண்டியில் ஒரு சுற்று, புலி தென்படவில்லையே என்ற ஏமாற்றம், அத்தோடு சரி. இங்கே சுங்கை பூலோவிலும் பிடாடாரியிலும் பறவை பார்க்க வாரந்தோறும் தொலைநோக்கியோடு நிற்பவர்கள்கூட அங்கே போய்விட்டு “பறவையே இல்லை” என்று திரும்புகிறார்கள். பறவைக்குக் குறைவில்லை. ஈரக்காட்டில் பழகிய கண்ணும் கடிகாரமும் வறண்ட காட்டுக்கு ஒத்துவருவதில்லை. போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் மழை இல்லாத பருவம் என்று ஒன்றில்லை. புக்கிட் தீமாவில் எந்த மாதம் போனாலும் காடு பச்சையாகத்தான் இருக்கும். முதுமலை அப்படியல்ல. மையப் பகுதி 321 சதுர கிலோமீட்டர்தான் என்றாலும் உள்ளே மூன்று காடுகள் இருக்கின்றன. மேற்கே கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும் காடு. நடுவில் தேக்கும் கருமருதும் நெல்லியும் மூங்கிலுமாக இலையுதிர் காடு. கிழக்கே மசினகுடி, மாயாற்றுப் பக்கம் நீலகிரி மலையின் மழைமறைவில் கிடக்கும் முட்காடு. ஒரு மணி நேர வண்டிப் பயணத்துக்குள் பறவைக் கூட்டமே மாறிவிடும். மலபார் சாம்பல் இருவாச்சியை மேற்கே தேட வேண்டும். வெண்வயிற்று மின்சிட்டைப் பார்க்கக் கிழக்கே முள்மரங்களுக்கு வர வேண்டும். ஒரே இடத்தில் தங்கி ஒரே சாலையில் போய்வருபவர்களுக்குக் காட்டின் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது.

அடுத்தது நேரம். நம் ஊரில் ஏழு மணிக்குத்தான் விடிகிறது. அடர்ந்த மரநிழலில் பத்து, பதினொரு மணிக்கும் பறவைகள் நடமாடும். முதுமலையில் டிசம்பரில் ஆறரையை ஒட்டி விடிந்து மாலை ஆறு மணிக்கு இருட்டிவிடும். விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரை காடு முழுக்கக் குரல்தான். அதன்பின் வெயில் ஏற ஏற, இலை குறைந்த மரங்களில் நிழல் தேடிச் சிறு பறவைகள் அடங்கிவிடும். மறுபடி நான்கு மணிக்குத்தான் அசைவு தெரியும். விடுதியில் ஒன்பது மணிக்குக் காலை உணவு முடித்துப் புறப்படுபவர்கள் பார்ப்பது இந்த வெறுமையைத்தான்.

இதில் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே ஏழு மணிக்கு எழும் பிள்ளை, அங்கே முதல் இரண்டு மூன்று நாள்கள் தானாகவே ஐந்து மணிக்குள் விழித்துக்கொள்ளும். ஆகவே காட்டு நாள்களைப் பயணத்தின் தொடக்கத்தில் வையுங்கள். உறவினர் வீடு, கோயில், துணிக்கடை எல்லாம் முடித்துக் கடைசியில் முதுமலை என்று வைத்தால், உள்ளூர் நேரம் உடம்புக்குப் பழகி, பிள்ளைகளை எழுப்புவதே பெரும்பாடாகிவிடும். அதிகாலைக் குளிரையும் கணக்கில் கொள்ளுங்கள். திறந்த ஜீப்பில் மெல்லிய சட்டையோடு உட்கார்ந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் தொலைநோக்கியில் எதுவும் நிற்காது.

தொலைநோக்கி எட்டு மடங்கு போதும். 8x42 அல்லது 8x32 எடுங்கள். பத்து மடங்கு வாங்கினால் இன்னும் கிட்டத்தில் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அதிர்வும் பத்து மடங்காகும், பார்வைப் பரப்பும் குறுகும், கிளைவிட்டுக் கிளை தாவும் பறவையைப் பிடிக்க முடியாது. புக்கிட் தீமாவின் இருண்ட அடிக்காட்டுக்கு 42 மில்லிமீட்டர் ஆடி தேவைப்படலாம். இலை உதிர்ந்த காட்டின் வெளிச்சத்துக்கு 32 தாராளம், கழுத்துக்கும் கனமில்லை. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண் வைக்கும் பக்கத்து ரப்பர் வளையத்தை (ஐகப்) முழுவதும் கீழே இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வட்டத்தின் ஓரம் கறுத்துத் தெரியும். இங்கே நாம் ஆடிகளுக்குப் பூஞ்சை பிடிக்காமல் காக்கிறோம், அங்கே எதிரி செம்மண் தூசி. சட்டை நுனியால் துடைத்தால் தூசியே ஆடியைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டுப் பிறகுதான் துணி. நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர்கள் பத்து மணிக்குமேல் தொலைவிலுள்ள பறவையை எடுத்துவிட்டுக் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். சுடுநிலத்திலிருந்து எழும் கானல் படத்தைக் குழப்பிவிடும்.

சிறு பறவைகள் அடங்கும் அந்த நேரத்தில்தான் வானத்தைப் பார்க்க வேண்டும். முதுமலையின் தனிச்சிறப்பு அங்கேதான் இருக்கிறது. நிலம் சூடேறி வெப்பக்காற்று எழத் தொடங்கும் ஒன்பதரை, பத்து மணிக்குப் பாறுகள் சிறகசைக்காமல் வட்டமிட்டு மேலேறும். பிணந்தின்னிக் கழுகு என்று பலர் சொல்வது இவற்றைத்தான். பாறு என்பது பழைய பெயர், அதுவே இப்போது தமிழகத்தில் மீண்டும் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. 2021 டிசம்பரில் சில பாறுகள் வழிதவறிச் சிங்கப்பூருக்கு வந்தபோது அண்ணாந்து பார்த்தவர்கள் பலர். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வேறு வகைப் பாறுகள் இன்றும் கூடு கட்டி வாழ்கின்றன. தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறு நல்ல எண்ணிக்கையில் எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் அது ஒன்று.

பறக்கும்போது அடையாளம் காண்பது கடினமில்லை. சிறகின் அடிப்புறத்தில் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு என்றிருந்தால் வெண்முதுகுப் பாறு. உடல் மணல்நிறமாக வெளிறியிருந்தால் கருங்கழுத்துப் பாறு. உடல் முழுக்கக் கறுப்பு, தலை மட்டும் சிவப்பு, தொடை ஓரம் வெள்ளைத் திட்டு என்றால் செந்தலைப் பாறு. வெண்முதுகுப் பாறு ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் கூடு வைக்கும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. அதனால்தான் அழிவிலிருந்து மீள்வது இவ்வளவு மெதுவாக நடக்கிறது.

அந்த அழிவின் காரணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாட்டுக்கு வலிமருந்தாகப் போடப்பட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடு செத்தபின் இறைச்சி வழியாகப் பாறுவின் உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1990களிலிருந்து இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்துபோயின. 2006ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய புட்டிகளை மாட்டுக்குத் திருப்பிவிடுவதைத் தடுக்க, 2015ல் புட்டி அளவு மூன்று மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை. வானத்தில் வட்டமிடும் ஐந்தாறு பறவைகளுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. கூடுள்ள மரத்தை நெருங்க வேண்டாம், கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு சமூக ஊடகத்தில் போடவும் வேண்டாம்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காட்டுக்குள் நடக்க அனுமதி இல்லை. நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கினால் அபராதம். இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை புலிகள் காப்பகத்தின் ஊடான மாநில எல்லைச் சாலையில் போக்குவரத்துத் தடை உண்டு. நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் தேவை, வண்டி எண்ணோடு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதை வழியாக மசினகுடிக்கு இறங்குவது குறுக்குவழிதான். ஆனால் வெளியூர் வண்டிகளுக்கு அந்தச் செங்குத்து இறக்கத்தில் அனுமதி கிடைக்காது. கூடலூர் சுற்றிவரத் தூரம் கூடுதல், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். இரவு சஃபாரி என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். அது சட்டவிரோதம், யானை வழித்தடத்தில் உயிருக்கும் ஆபத்து.

வனத்துறையின் சிற்றுந்து பறவைக்காக நிற்காது. யானைக்கும் காட்டெருமைக்கும்தான் நிற்கும். பறவை மட்டும் பார்க்க வருகிறோம் என்று முதலிலேயே சொல்லி, பதிவுபெற்ற வழிகாட்டியோடு ஜீப் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. ஓடிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. பிப்ரவரியை ஒட்டி இலவும் புரசும் இலையில்லாமல் பூத்து நிற்கும் காலத்தில், ஒரு பூமரத்தைப் பார்த்தபடி வண்டியை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்காருங்கள். கரிச்சான், மைனா, செந்தலைக் கிளி, பச்சைச் சிட்டு என்று மாறி மாறி வரும். ஆனால் அதே மாதங்களில்தான் காட்டுத்தீ அபாயத்தால் பூங்காவை மூடுவதும் உண்டு. பயணச்சீட்டு எடுக்கும் முன் விசாரித்துவிடுங்கள். டிசம்பரில் இலை இன்னும் முழுதாக உதிர்ந்திருக்காது, சாலையோரத்தை உண்ணிச்செடி மறைத்திருக்கும். அப்போது கண்ணைவிடக் காதை நம்ப வேண்டும்.

காதை நம்ப வேண்டும் என்பதால்தான் கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவதை மிக வன்மையாக எதிர்க்கிறேன். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நம்பி, இரை தேடுவதை விட்டுவிட்டு அந்தப் பறவை அலைகிறது. கூட்டில் குஞ்சு இருந்தால் அது பட்டினி. முதுமலையில் இன்னொன்றும் உண்டு. ஒலிபெருக்கியின் சத்தத்தில், பத்தடித் தள்ளி மூங்கில் முறியும் ஓசை உங்களுக்குக் கேட்காது. மூங்கிலை முறிப்பது யானை.

இனி மொழி. வழிகாட்டிகளிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்களிலும் பலர் இருளர், குறும்பர் சமூகத்தவர். அவர்களோடு நேரே தமிழில் பேச நமக்கு முடியும். வேறு நாட்டிலிருந்து வரும் பறவை ஆர்வலர்கள் பலருக்கு இது வாய்க்காது. ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பறவைகளின் ஆங்கிலப் பெயர் மட்டுமே தெரிந்திருக்கிறது. தமிழ்ப் பெயர் பல நேரம் வெறும் பெயராக நிற்பதில்லை, களத்தில் குறிப்பாகவே உதவுகிறது. ஆறுமணிக் குருவி விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டிக் குரல்கொடுக்கும் வண்ணப் பறவை. குளிர்காலத்தில் இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் தெற்கே வந்து, மற்ற நேரமெல்லாம் சருகுக்குள் ஒளிந்துகொள்ளும். எப்போது தேடுவது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆள்காட்டி கத்தினால் யாரோ, எதுவோ நடந்து வருகிறது என்று பொருள். துடுப்புவால் கரிச்சானை நம் மெக்ரிட்சியிலேயே பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். முதுமலையில் அதைக் கண்டால் அதன் பின்னால் வரும் கலப்புக் கூட்டத்துக்காகக் காத்திருக்கச் சொல்லுங்கள். மின்சிட்டு, மரங்கொத்தி, ஈப்பிடிப்பான் எல்லாம் அதனோடு சேர்ந்து திரியும்.

பொங்கலுக்குத் தமிழகத்தில் இருப்பவர்கள், 2015 முதல் சனவரி நடுவில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேரலாம். பாட்டி வீட்டு மொட்டைமாடியில் கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் விடாமல் குறித்தாலே போதும்.

நம் நாளிதழின் பயணப் பக்கத்தில் முதுமலையைப் பற்றி எழுதும்போது, விடுதிக் கட்டணத்தோடு விடியும் நேரத்தையும், படத்திலுள்ள பறவையின் தமிழ்ப் பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டுமென்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர், ஈசூன்