துடைப்பப் படத்துக்கு மறுவாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களின் சேவைப் பணிகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான் இருக்கிறது. வரிசையாக மாணவர்கள், கையில் துடைப்பம், முன்னால் பதாகை, நடுவில் முதல்வர். இதைக் குறைகூறும் தகுதி எனக்கு இல்லை. ஐந்நூறு பேர் கூடப் படிக்காத ஒரு சிறிய கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாகச் சேவைத் திட்டத்தின் பொறுப்பாசிரியராக இருக்கும் நானே அத்தகைய படங்களைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு முறை அவை அச்சேறியும் இருக்கின்றன. படம் எடுத்த நாளுக்கு மறுவாரம் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பேற்ற முதல் ஆண்டில் அறுபது மாணவர்களை ஒரே நாளில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அழைத்துச் சென்றேன். சுவருக்கு வண்ணம் பூசினோம், பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் நடத்தினோம், எழுதுபொருள்கள் வழங்கினோம், மாலையில் கைதட்டலோடு திரும்பினோம். சில மாதங்கள் கழித்து, மீண்டும் வரலாமா என்று கேட்கப் போனபோது அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். எங்களுக்கு இடம் கொடுப்பதற்காக இரண்டு வகுப்புகளை அவர் வராந்தாவுக்கு மாற்றியிருக்கிறார். அறுபது பேருக்குக் குடிநீர் ஏற்பாடு செய்வதிலேயே ஓர் ஆசிரியரின் அரைநாள் கழிந்திருக்கிறது. பூசிய வண்ணம் காய்வதற்குள் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து சீருடையெல்லாம் கறையாகி, மறுநாள் பெற்றோர் வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். “உங்கள் மாணவர்கள் தங்கமானவர்கள், ஐயா. ஆனால் அன்றைக்கு நாங்கள்தான் உங்களுக்குச் சேவை செய்தோம்” என்றார். அவருக்கு வேண்டியிருந்தது வேறு: எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் ஏழெட்டுப் பிள்ளைகளோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து படிக்க இரண்டு பேர். என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்.

இது எங்களோடு தொடங்கிய தவறும் அல்ல. 1968 ஏப்ரலில், மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களிடையே பேசிய சிந்தனையாளர் இவான் இல்லிச், ‘பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள்’ என்ற பொருள்பட அவர்களை முகத்துக்கு நேராகவே கடிந்துகொண்டார். மாணவர்கள் எங்கேயும் போகவே வேண்டாம் என்ற எல்லை வரைக்கும் அவரோடு போக என்னால் முடியவில்லை. என் போன்ற பொறுப்பாசிரியருக்கு உதவுவது சேவைவழிக் கற்றலின் முன்னோடிகளில் ஒருவரான ராபர்ட் சிக்மன் 1979-இல் வகுத்துக் கொடுத்த மூன்று நெறிகள்தான். சேவையைப் பெறுபவர்களே என்ன சேவை என்பதைத் தீர்மானிக்க வேண்டும். அந்தச் சேவையால் அவர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் திறம் கூட வேண்டும். சேவை செய்யப் போகிறவர்களும் கற்பவர்களே, எதைக் கற்பது என்பதில் அவர்களுக்கும் கணிசமான உரிமை உண்டு. படிக்கும்போது எளிதாகத் தெரியும் இந்த மூன்றில் முதலாவதைக்கூட எங்கள் திட்டம் மூன்று ஆண்டுகள் கடைப்பிடிக்கவில்லை.

அதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று, மணிக்கணக்கும்தான். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் இதற்கு வெளியே. மெக்சிகோவில் பட்டம் பெறுவதற்கு முன் குறைந்தது 480 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம். எங்கள் கல்லூரி நடத்துவது சொந்தத் திட்டம் என்றாலும், ஆண்டுக்கு 120 மணி என்ற அளவை நலப்பணித் திட்டத்தைப் பார்த்துத்தான் வைத்துக்கொண்டோம். கணக்கு வைப்பது தவறென்று சொல்லமாட்டேன். கணக்கே இல்லாத திட்டம் முதல் பருவத் தேர்வு வந்ததும் காணாமல் போய்விடும். ஆனால் தேர்வும் விடுமுறையும் போக வகுப்பு நடக்கும் வாரங்கள் எங்களுக்கு ஏறத்தாழ முப்பதுதான். வாரம் இரண்டு மணி என்று ஒழுங்காகப் போய்வந்தாலும் அறுபது மணிதான் தேறும். மீதி அறுபது மணியை எங்கிருந்து கொண்டுவருவது? பேரணி, உறுதிமொழி, வளாகத் தூய்மை, மரக்கன்று நடுதல் என்று அந்த இடைவெளியை நிரப்பினோம். நட்ட கன்றுகளுக்கு அடுத்த மாதம் தண்ணீர் ஊற்றியது யார் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நான்காம் ஆண்டில்தான் துணிந்து கணக்கை அறுபது மணியாகக் குறைத்து, அதுவரை போய்வந்த பதினொரு இடங்களை இரண்டாகச் சுருக்கினோம். ஒன்று, மேலே சொன்ன அதே பள்ளி. தலைமையாசிரியை மறுபடியும் கதவைத் திறந்தது எங்கள் பாக்கியம். மற்றொன்று ஒரு முதியோர் இல்லம். இரண்டுக்கும் புதன்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்குப் போவது என்று வைத்துக்கொண்டோம். குறைக்கிறோமே என்று நிர்வாகத்தில் முகம் சுளித்தார்கள். ஆண்டறிக்கையில் பதினொன்று என்ற எண்ணுக்கு இருந்த மினுக்கு இரண்டுக்கு இல்லை என்பது உண்மைதான்.

முதியோர் இல்லத்தில் பார்வை மங்கிய பெரியவர் ஒருவருக்கு நாளிதழ் படித்துக் காட்டும் பொறுப்பு ஓர் இரண்டாமாண்டு மாணவனுக்கு வாய்த்தது. தலைப்புச் செய்தி, விளையாட்டுச் செய்தி எதற்கும் அவர் அசையவில்லை. மூன்றாவது வாரம், “காலமானார் பக்கத்தைப் படி. வயதையும் தெருவையும் விடாமல் படி” என்றாராம். மாணவன் அரண்டுபோனான். பெரியவர் சாவையே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று கல்லூரிக்குத் திரும்பியதும் கண் கலங்கச் சொன்னான். உடன் இருந்த மாணவி ஒருத்தி, “ஏன் அந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்டாயா?” என்றாள். கேட்கவில்லை. மறுவாரம் கேட்டான். அவர் நெடுங்காலம் அஞ்சல்காரராக இருந்தவர். பெயரையும் தெருவையும் சொன்னால் கதவு எண்ணைச் சொல்வார், அந்த வீட்டுக்கு யார் யாரிடமிருந்து கடிதம் வரும் என்பதையும் சொல்வார். அதன் பிறகு மாணவன் படிப்பது பாதியும் கேட்பது பாதியுமாக அந்த இரண்டு மணி நேரம் ஓடியது.

அதே மாணவன், தேர்வு என்று சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு வாரம் போகாமல் இருந்துவிட்டான். திரும்பிப் போனபோது அந்த இரண்டு புதன்கிழமை நாளிதழ்களும் மடிப்புக் கலையாமல் தலையணைக்கு அடியில் இருந்தனவாம். வேறு யாரையும் படிக்கவிடவில்லை அவர். இதைக் கேட்ட அன்றுதான், எங்கள் தேர்வு அட்டவணை எங்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது எனக்கு உறைத்தது. இப்போது ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், நாங்கள் வராத வாரங்களின் தேதிகளைப் பெரிய எழுத்தில் எழுதி, பள்ளியிலும் இல்லத்திலும் ஒட்டிவிட்டு வருகிறோம். வரும் நாட்களைவிட வராத நாட்களைச் சொல்வதுதான் முக்கியம் என்று இல்லத்தின் காப்பாளர் சொல்லித் தந்தார்.

சிறிய கல்லூரியில் இதை நடத்துவதில் உள்ள இடர்ப்பாடுகள் பெரிய கல்லூரிக்காரர்களுக்கு எளிதில் புரியாது. எங்களுக்குத் தனி அலுவலகம் இல்லை; ஓர் அலமாரியும் அதன் சாவியும்தான் திட்டத்தின் சொத்து. கலைவிழா, விளையாட்டு, சேவை எல்லாவற்றுக்கும் கை தூக்குவது அதே முப்பது பேர். மாலையில் வேலைக்குப் போய்ப் படிக்கும் மாணவர்களுக்கு மனமிருந்தும் நேரமில்லை; அவர்களுக்காகத்தான் வகுப்பு வேளைக்குள்ளேயே புதன்கிழமைப் பிற்பகலை ஒதுக்கித் தரும்படி போராடி வாங்கினோம். நன்மையும் உண்டு. எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடமாகையால், ஒருவர் வரவில்லையென்றால் வருகைப் பதிவேட்டைப் பார்க்காமலேயே காரணம் தெரிந்துவிடும், மாற்று ஆளும் அரை மணியில் கிடைத்துவிடுவார்.

மிகப் பெரிய சிக்கல், இறுதியாண்டு மாணவர்கள் போகும்போது திட்டமும் அவர்களோடு போய்விடுவது. எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுக்கும், எந்தப் பாட்டிக்கு எந்தக் காது கேட்காது என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள்தான் இருந்தது. ஆகவே இரண்டாமாண்டு மாணவரோடு ஒரு முதலாமாண்டு மாணவரை இணைத்து அனுப்புகிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு வைத்து, அன்று படித்த பக்கத்தையும் தடுமாறிய சொல்லையும் நான்கே வரியில் எழுதச் சொல்கிறோம். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் சில கண்டிப்புகள் உண்டு: எந்த மாணவரும் ஒரு குழந்தையோடு தனி அறையில் இருப்பதில்லை, கைபேசியில் படம் எடுப்பதில்லை, கைப்பேசி எண் கொடுப்பதும் வாங்குவதும் இல்லை. இவற்றுக்கு விலக்கு கேட்பவரை அன்றே நிறுத்திவிடுகிறேன்.

கட்டாயமா விருப்பமா என்ற கேள்வியைப் பலர் என்னிடம் கேட்பதுண்டு. ஸ்டூகாஸ், ஸ்னைடர், கிளாரி ஆகிய உளவியலாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் வற்புறுத்தலால் சேவை செய்வதாக உணர்ந்த மாணவர்களிடம் பிற்காலத்தில் தொண்டு செய்யும் எண்ணம் குறையக்கூடும் என்று கண்டார்கள். என் அனுபவமும் ஏறக்குறைய அதுவே. மதிப்பெண்ணுக்காக வந்தவர்களில் உருகிப்போய் ஒட்டிக்கொண்டவர்களையும் கண்டிருக்கிறேன் என்பதால் கட்டாயம் கூடவே கூடாது என்று சொல்லத் தயங்குகிறேன். எங்கே போவது, யாரோடு போவது, என்ன செய்வது என்பதில் மாணவருக்கும் ஒரு சொல் இருந்தால் கட்டாயத்தின் கூர் பெரிதும் மழுங்கிவிடுகிறது.

போய்வந்த அன்றே இருபது நிமிடம் வட்டமாக உட்கார்ந்து பேசுவதை மட்டும் நாங்கள் கைவிடுவதில்லை. “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு சார்” என்ற பதிலோடு முடிந்துவிடும். “இன்று உங்களுக்கு எது புரியவில்லை?” என்று கேட்டால் பேச்சு வருகிறது. அஞ்சல்காரர் கதை வெளிவந்தது அந்த வட்டத்தில்தான்.

இனி ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பெடுக்கும் எனக்கு, இந்தத் திட்டம் பணிச்சுமைக் கணக்கில் சுழியம். ஒரு பருவம் முழுவதும் நான் நோய்வாய்ப்பட்டிருந்தபோது பதிவேட்டைக்கூட எவரும் திறக்கவில்லை. மாணவர்கள் தாங்களாகவே மூன்று வாரம் போய்வந்து, அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட ஆள் இல்லாததால் நின்றுவிட்டார்கள். ஒரு வகுப்பைக் குறைத்துத் தாருங்கள், துணைக்கு இன்னொருவரை நியமியுங்கள் என்று நான்கு ஆண்டுகளாக எழுதிக் கேட்டுவருகிறேன். பாராட்டுச் சான்றிதழ்தான் வருகிறது. கல்லூரிகளைத் தரம் பார்ப்பவர்களும் எத்தனை நிகழ்ச்சிகள், எத்தனை பயனாளிகள் என்றுதான் கேட்கிறார்கள். ஒரே இடத்துக்கு எத்தனை ஆண்டுகளாகப் போகிறீர்கள் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்தால், பதினொரு இடம் வைத்திருக்கும் கல்லூரிகள் தாமாகவே சுருக்கிக்கொள்ளும்.

தங்களிடம் கேட்பது இதுதான். துடைப்பப் படத்தோடு செய்தி அனுப்பும் கல்லூரிகளிடம், என்னிடமும் சேர்த்து, அந்த இடத்துக்கு இதற்கு முன் எப்போது போனீர்கள், அடுத்து எப்போது போவீர்கள் என்ற இரண்டு விவரங்களைக் கேட்டு வாங்கிச் செய்தியோடு வெளியிடுங்கள். தங்கள் செய்தியாளர் நேரில் பார்க்க விரும்பினால், பள்ளியிடமும் இல்லத்திடமும் ஒப்புதல் பெற்றுக்கொண்டு எந்தப் புதன்கிழமையும் மூன்று மணிக்கு வரலாம். பருவத் தேர்வு காரணமாக நவம்பரின் முதல் இரண்டு புதன்கிழமைகளில் மட்டும் நாங்கள் அங்கே இருக்கமாட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சேவைத் திட்டப் பொறுப்பாசிரியர் ஒருவர்