மூன்றரை அடிச் சந்துக்கு ஒரு குட்டி ஹிட்டாச்சி

தண்டையார்பேட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள பாஸ்கர்,

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். போனில் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். பதினோரு வருஷம் மஸ்கட் போதும், கையில் சேர்த்ததைப் போட்டு மண் தோண்டும் மெஷின், நம்ம பேச்சில் ஹிட்டாச்சி, ஒன்று எடுத்து ஊரிலேயே வேலை பிடிக்கிறேன் என்று நீ சொன்னதும் மனசு நிறைந்துபோனது. அம்மாவிடம் சொன்னேன். "அவன் வந்தா மொத சாப்பாடு நம்ம வூட்லதான், சொல்லிடு" என்றது. கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்து இப்போது பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறது.

சரி, மெஷின் விஷயம். எட்டு டன் எடையுள்ள ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கிறது. தயவுசெய்து அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே.

நீ அங்கே ஓட்டுவது இருபது டன். அதன் கை உனக்குப் பழகியிருக்கிறது, எட்டு டன்னே உனக்குச் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் காசிமேட்டில் உன் பெரியம்மா வீட்டுச் சந்தை நினைத்துப் பார். சின்ன வயசில் இரண்டு கையையும் விரித்து இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுக்கொண்டே ஓடுவோமே, அந்தச் சந்து. போன மாதம் அதே சந்தில் ஒரு வீட்டுக்குக் கழிவுநீர் இணைப்புக்காக மண் எடுத்தேன். டேப் வைத்து அளந்தேன்: வாயில் நாலரை அடி, உள்ளே ஒரு இடத்தில் மூன்றரை அடி. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு எங்கே போனாலும் நம்மைத் தேடி வருகிற வேலை இப்படிப்பட்ட சந்துக்குள்தான் இருக்கிறது. அகலமான தெருவில் வேலை இருந்தால் அவர்கள் நம்மைக் கூப்பிட மாட்டார்கள், மணிக்கணக்குக்கு ஒரு ஜேசிபியைக் கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் வந்து நிற்க ஊர் முழுக்க ஜேசிபி இருக்கிறது. ஜேசிபியின் 3டிஎக்ஸ் மாடல் ஏழரை டன் எடை, இரண்டே கால் மீட்டர் அகலம், ரோட்டில் தானே ஓடி வரும். உன் எட்டு டன் செயின் மெஷின் கிட்டத்தட்ட அதே எடை, அதே அகலம், ஆனால் லாரியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அந்தப் போட்டியில் நீ ஜெயிக்க வழியே இல்லை.

அதனால் மெஷினை எத்தனை அடி ஆழம் தோண்டும் என்று பார்க்காதே. எத்தனை அடி அகலத்தில் நுழையும் என்று பார். என்னுடைய தேர்வு முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் நின்றது.

நான் வைத்திருப்பது ஒன்றே முக்கால் டன் வகை. இந்த வகையில் குபோட்டா யூ17 மாதிரி மெஷின்களில் அடிச்சட்டத்தையே குறுக்கலாம், விரிக்கலாம். குறுக்கினால் 99 சென்டிமீட்டர், அதாவது மூன்றே கால் அடி. உள்ளே போனதும் 124 சென்டிமீட்டருக்கு விரித்து நிற்க வைத்துவிட்டு வேலை பார்க்கலாம். ஆழம் ஏறத்தாழ 2.3 மீட்டர் வரும். வீட்டு இணைப்பு, சம்ப், காம்பவுண்ட் சுவருக்குக் கடைக்கால் எல்லாவற்றுக்கும் ஏழரை அடி போதும். மூன்றரை டன் வகை மூன்று மீட்டர் தோண்டும், நல்ல மெஷின்தான், ஆனால் அகலம் ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். கொடுங்கையூர், எம்.கே.பி. நகர், மணலி பக்கம் மட்டும் வேலை என்றால் அதையே எடு என்பேன். அங்கே தெரு அகலம், மண்ணும் களிமண், பக்கெட்டுக்குப் பலம் வேண்டும். கடலோரம் மணல், அதற்கு அவ்வளவு பலம் தேவையே இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதே. குறுக்கி வைத்தபடி பூமை, அதாவது மெஷினின் கையை, பக்கவாட்டில் திருப்பி எடை தூக்கினால் மெஷின் அப்படியே சாயும். இருபது டன்னில் பழகிய கை சட்டென்று திருப்பும். விரிக்காமல் லீவரைத் தொடாதே, பிளேடை மண்ணில் ஊன்றாமல் தோண்டாதே.

பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெரிய மெஷினில் திரும்பும்போது பின்னாலுள்ள எடைக்கட்டு செயினுக்கு வெளியே அரை வட்டம் அடிக்கும். அங்கே மைதானம், இங்கே பின்னால் யாரோ வீட்டு வாசல்படி, குழாயடியில் குடத்தோடு ஒரு அம்மா. செயின் அகலத்துக்குள்ளேயே பின்பக்கம் திரும்பி முடிகிற வகை இருக்கிறது. யன்மார் 1993-லேயே அப்படி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது, இப்போது எல்லாக் கம்பெனியிலும் கிடைக்கிறது. ஆனால் அடியைக் குறுக்கிய நிலையில் அந்த வகையும் கொஞ்சம் வெளியே வரும். பூமும் தனியாக இடம் வலம் மடங்க வேண்டும், அப்போதுதான் சுவரை ஒட்டியே பள்ளம் எடுக்கலாம். இந்த இரண்டும் இல்லாத மெஷினை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நான் ஏன் மெஷின் எடுத்தேன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. வீட்டிலும் முழுசாகச் சொல்லவில்லை. எடுப்பதற்கு முந்தின மழைக்காலத்தில் கடலோரம் ஒரு வேலை. ஆறடிப் பள்ளம், கையால் எடுத்துக்கொண்டிருந்தோம். என் ஆட்களில் ஒருவரான ஏழுமலை அண்ணன் உள்ளே. நாலடிக்கே ஊற்று வந்துவிட்டது. மணல் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது நமக்குத் தெரியாததா, இருந்தும் இன்னும் ஒரு அடிதானே என்று நினைத்தேன். ஒரு பக்கம் சத்தமே இல்லாமல் சரிந்தது. அண்ணன் இடுப்பு வரை உள்ளே. ஈர மணல் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட இரண்டு டன்னடா பாஸ்கர். இழுத்தால் வரவில்லை, மண்வெட்டி போடவும் பயம், கையால் வாரி வாரி எடுத்தோம். முக்கால் மணி நேரம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. மார்பு வரை மூடியிருந்தால் மூச்சு விட முடியாமல் அங்கேயே போயிருப்பார். ஒன்றரை மீட்டருக்கு மேல் போகிற பள்ளத்துக்குப் பலகை அடைத்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்று பள்ளம் தோண்டும் வேலைக்கான இந்தியப் பாதுகாப்பு விதி ஐஎஸ் 3764-லேயே இருக்கிறது. அதைப் படித்திருந்தும் நான் செய்யவில்லை. அன்று ராத்திரிதான் முடிவெடுத்தேன், என் வேலையில் இனி அந்த ஆழத்துக்கு ஆள் இறங்கித் தோண்டுவது கிடையாது என்று. குழாய் இணைக்க மட்டும் இறங்குவார்கள், அதுவும் பலகை அடைத்த பிறகு.

மெஷின் வந்தால் ஆட்கள் சோறு போய்விடும் என்று உன் மச்சான் சொன்னதாகச் சொன்னாய். அவர் கவலை எனக்கும் இருந்தது. நூறு அடி நீளம், இரண்டு அடி அகலம், நாலடி ஆழம் என்றால் எட்டு யூனிட் மண், யூனிட் என்பது நூறு கன அடி. ஆறு பேர் இரண்டு நாள் எடுப்பார்கள், மெஷின் மூன்றரை மணி நேரத்தில் எடுத்துவிடும். ஆனால் மேல் இரண்டரை அடியை இன்றைக்கும் கையால்தான் எடுக்கிறேன். கரன்ட் கேபிள், தண்ணீர்க் குழாய், டெலிபோன் ஒயர் எது எந்த ஆழத்தில் போகிறது என்று எந்த வரைபடமும் சரியாகச் சொல்லாது. ஏழுமலை அண்ணன் கடப்பாரையைத் தட்டும் சத்தத்திலேயே அடியில் கல்லா குழாயா என்று சொல்லிவிடுவார். அவர் இப்போது மெஷினுக்கு முன்னால் நின்று கை காட்டுகிறார், மெஷினில் அவர் பையன் உட்கார்ந்திருக்கிறான். ஆட்களில் யாரையும் நான் அனுப்பவில்லை. வேலை கூடியிருக்கிறது.

ரப்பர் டிராக்கா இரும்புச் செயினா என்றால் ரப்பர்தான். இரும்புச் செயின் தார் ரோட்டையும் டைல்ஸ் கல்லையும் கிழித்துவிடும், அந்தச் செலவு நம் தலையில் விழும். ஆனால் பழைய வீடு இடித்த இடத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் அறுந்துவிடும், பலகை போட்டு ஓட்டு. நின்ற இடத்திலேயே சுற்றாதே, சிமென்ட் தரையில் ரப்பர் சீவிக்கொண்டு போகும். கான்கிரீட் உடைக்கிற பிரேக்கருக்கு ஆயில் லைன் கம்பெனியிலேயே போட்டுத் தருகிற மெஷினாக எடு, பிறகு வெளியில் போட்டால் ஒழுகிக்கொண்டே இருக்கும். நம்ம பக்கம் எந்தச் சந்தும் சிமென்ட் தளம்தான், பிரேக்கர் இல்லாமல் முதல் அடியே வைக்க முடியாது. கடல் காற்றுக்கு ராத்திரி நிறுத்தும்போது சிலிண்டர் ராடுகளை எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே இழுத்து வை. தினம் கிரீஸ், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர்.

செகண்ட் ஹேண்ட் பற்றிக் கேட்டிருந்தாய். நானும் முதலில் அதைத்தான் தேடினேன். ஒரு தரகர் காட்டிய மெஷினில் ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டர் 1,900 மணி காட்டியது, பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஏழுமலை அண்ணன்தான் பக்கெட்டை மண்ணில் ஊன்றி, கேபினைக் கையால் ஆட்டச் சொன்னார். மேல்பாகம் முழுக்க லொடலொடவென்று ஆடியது. மேல்பாகம் சுற்றுகிற சுழல் வளையம் தேய்ந்துவிட்டால் அது 1,900 மணி மெஷின் கிடையாது. மூட்டுகளிலுள்ள பின், புஷ் எல்லாம் இடைவெளி, செயினை ஓட்டும் ஸ்புராக்கெட் சக்கரத்தின் பல் தேய்ந்து கூராகிவிட்டிருந்தது. பூமைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் பார்த்தோம், தானே இறங்கிக்கொண்டிருந்தது. நீயும் காலையில் என்ஜின் சூடாவதற்கு முன்னால் போய்ப் பார். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் திரும்பி வந்துவிடு.

இப்போது பணம். என் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே எழுதுகிறேன். தவணை 42,000, ஆப்பரேட்டர் சம்பளம் 24,000, இன்சூரன்ஸ், ஷெட் வாடகை, சில்லறைச் செலவு 14,000. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 80,000 போய்விடும். ஓடினால் மணிக்கு டீசல் இரண்டு லிட்டர், 190 ரூபாய். தேய்மானத்துக்கு 150 ஒதுக்குகிறேன். மாதம் 100 மணி ஓடினால் மணிக்கு 1,140-ல் அடங்கும். 55 மணிதான் ஓடியது என்றால் 1,800 ஆகும். அந்த ரேட்டுக்கு நம்ம ஏரியாவில் யாரும் கூப்பிட மாட்டார்கள். மழைக்கு முன்னால் ரோட்டை வெட்டித் தோண்டுவதற்கான ரோடு கட் அனுமதியை மாநகராட்சி நிறுத்திவிடும், ஐப்பசி கார்த்திகையில் மெஷின் ஷெட்டில்தான் நிற்கும். அதனால் ஐந்து மாதத் தவணையைத் தனியாக பேங்கில் வைக்காமல் கையெழுத்துப் போடாதே. கையிலிருக்கிறதை முழுசாகக் கொட்டிவிடாதே என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

சின்ன மெஷினில் இன்னொரு நன்மை, டாடா 407-ல் சரிவுப் பலகை போட்டு ஏற்றிவிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு முந்தின சாயங்காலம் அப்படித்தான் ஏற்றி மேம்பாலத்து மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். ஷெட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. எட்டு டன்னாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் எந்த லாரிக்காரன் வந்திருப்பான்?

வேலை இருக்கிறதா என்று பயப்படாதே. கொசஸ்தலையாற்றுப் பக்க மழைநீர் வடிகால், 2024-ல் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டம் எல்லாம் பெரிய ஆட்களுக்குப் போகும். அவர்களுடைய மெஷின் நுழையாத கிளைச் சந்துகள் நமக்கு வரும். பழைய ஓட்டு வீடுகளையும் இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் இந்த வேலையில் பணம் நாற்பது, அறுபது நாள் கழித்துத்தான் வரும், அதையும் கணக்கில் வை.

நான் சொல்வது இதுதான். வந்ததும் மூன்று மாதம் எதுவும் வாங்காதே. என் மெஷினிலேயே உட்கார். கூலி தருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. எந்தத் தெருவில் எந்த மண், யார் சொன்ன தேதியில் பணம் தருவார்கள் என்று தெரிந்துகொள். கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு டெமோ கேள், ஷோரூம் வாசலில் வேண்டாம், உன் பெரியம்மா சந்தில் கொண்டுவந்து காட்டச் சொல். ஹோஸ் வெடித்தால் எத்தனை மணியில் ஆள் வருவார் என்று அவர்களைக் கேட்காதே, ஏற்கனவே வாங்கியவரைக் கேள்.

ஏழுமலை அண்ணன் உன்னை விசாரித்தார். "பெரிய ஹிட்டாச்சி ஓட்டின புள்ள, குட்டில உக்காந்தா முட்டி இடிக்கும்னு சொல்லு" என்றார். டிக்கெட் போட்டதும் தேதி அனுப்பு, விமான நிலையத்துக்கு நானும் அவர் பையனும் வருகிறோம். அதுவரை அந்த எட்டு டன்காரர் போன் பண்ணினால் ஊருக்கு வந்து சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வை.

உன்,
மோகன்