அம்மாவுக்கு, ஒஸ்லோவிலிருந்து

ஒஸ்லோ
11.12.2022

அன்புள்ள அம்மாவுக்கு,

மாலா கையெழுத்தில் உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. திட்டாதே. போனில் பேசினால் என் குரலை வைத்தே எதையாவது கண்டுபிடிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

‘உங்க ஊர்ல நம்ம தமிழ்ப் பொண்ணு எம்.பி.யாமே, போய்ப் பார்த்து வேலைக்குச் சொல்லச் சொல்லு’ என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். அத்தை காதில் போட்டிருப்பாள். உண்மைதான். கம்சாயினி குணரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்தவர். 19 வயதிலேயே நகரசபை உறுப்பினர். 2011இல் உத்தோயா தீவில் அவருடைய தொழிற்கட்சியின் இளைஞர் முகாமில் ஒருவன் 69 பேரைக் கொன்றானே, அன்று தண்ணீரில் குதித்து நீந்தித் தப்பியவர். 2015இல் துணை மேயர். போன வருடம், நான் வந்திறங்கிய அதே செப்டம்பரில், 169 பேர் உட்காரும் நார்வே நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார்.

ஆனால் எம்.பி. சிபாரிசில் இங்கே வேலை கிடைக்காது. எனக்குத்தான் வேலை இருக்கிறதே. இப்போது வாரம் மூன்று நாள்தான், நல்ல ஓய்வு.

குளிரைக் கேட்காதே. ஒன்பது மணிக்கு விடிகிறது, மூன்றேகாலுக்கு இருட்டிவிடுகிறது. மின்சாரம் விலை ஏறிவிட்டதால் வீட்டுக்குள்ளும் இரண்டு ஸ்வெட்டர்.

கீழ்வீட்டுக் கிழவர் இருக்கிறாரே, படிக்கட்டு கழுவுவது என் முறை என்றால் கைப்பிடியில் விரலைத் தடவிப் பார்ப்பார். போன வாரம் விரல் சுத்தமாக வந்தது போல, பழுப்பு நிறத்தில் ஒரு சீஸ் கொண்டுவந்து கொடுத்தார். பால்கோவா என்று நினைத்து வாயில் போட்டேன். இனிப்போடு உப்பு! கம்சாயினிக்கு ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டேன். “அந்தக் கட்சிக்கா? ஒருநாளும் இல்லை. ஆனால் அவள் ஒஸ்லோ பொண்ணு” என்றார். அப்பா நாற்பது வருஷம் தாராவியில் இருந்தும் கடைசிவரை மதராசிதானே, அம்மா. அன்றிரவு தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் நம் சந்திலிருந்து கிளம்பும் இட்லிக்காரர் சைக்கிள் ஹாரன் கேட்ட மாதிரி இருந்தது. எழுந்து ஜன்னலைத் திறந்தேன், பனிதான்.

சரி, வீட்டு விஷயம். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் டெண்டர் முடிந்துவிட்டதாமே. 2000க்கு முன்னாலேயே அங்கே இருந்தோம் என்பதற்குச் சான்று கேட்பார்கள். அப்பாவின் பழைய கரண்ட் பில்கள் டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் இருக்கின்றன. மூலத்தை யாரிடமும் கொடுக்காதே, ஜெராக்ஸ் மட்டும். சித்தப்பா கேட்டாலும்தான்.

மாலாவின் ஃபீஸ் இந்தத் தடவை ஐந்தாம் தேதி வராது, பதினைந்துக்குள் அனுப்பிவிடுகிறேன்.

உன் மகன்,
செல்வம்