பெரியப்பாவின் 965

அன்புள்ள பெரியப்பா,

போன வாரம் போனில் பேசும்போது, "அந்த லண்டன் கடை இன்னும் இருக்குதாடா?" என்று கேட்டீர்கள். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் கப்பலில் இருந்தபோது அந்தக் கடையின் பைப் புகையிலை வாங்கி வந்த டன்ஹில் டப்பா என் மேசைமேல் இருக்கிறது. பெரியம்மா அதில் ஊசியும் பொத்தானும் போட்டு வைத்திருந்தார். உள்ளே கிடந்த கறுப்பு நூல் உருண்டையை எடுத்து முகர்ந்தேன். விறகடுப்புக்கு மேலே பரணில் கிடந்த கூடையை இறக்கினால் ஒரு புகை வாசனை வருமே, அது இன்னும் போகவில்லை.

அது லடாக்கியா என்ற புகையிலையின் வாசனை. சிரியாவின் துறைமுக ஊர் ஒன்றின் பெயர் அது. பிற்பாடு சைப்ரஸ் இலைதான் அதிகம் வந்தது. இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே விறகை மெல்லப் புகையவிட்டு, கறுக்கும்வரை நாள் கணக்கில் வாட்டுவார்கள். இந்த டப்பாவில் வந்த 965 என்ற கலவையில் அதோடு வர்ஜீனியா இலை, துருக்கிப் பக்கத்துச் சிறு இலை, கேவண்டிஷ் என்ற பதப்படுத்திய பழுப்புப் புகையிலை எல்லாம் சேரும். லடாக்கியா கொஞ்சம் தூக்கலானாலும் மற்றதெல்லாம் அமுங்கிவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள்.

சரி, கடைக்கு வருகிறேன். அதை ஆரம்பித்த ஆல்பிரட் டன்ஹிலின் அப்பாவுக்குக் குதிரைச் சேணத் தொழில். 1893இல் மகன் அதை ஏற்றார். மோட்டார் கார் வந்ததும் கார்க்காரர்களுக்கான சாமான்களுக்கு மாறினார். காற்றில் நெருப்பு அணையாதபடி ஒரு சுங்கான், அதாவது பைப், செய்தார். அப்புறம் 1907இல் லண்டன் டியூக் தெருவில் புகையிலைக் கடை. வருகிறவர் ருசிக்கு ஏற்ப இலையைக் கலந்து, அந்தப் பக்குவத்தை எண் போட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். நம்ம தையல்காரர் அளவு நோட்டு வைத்திருப்பாரே, அதே மாதிரி. 'மை மிக்ஸ்சர் 965' என்ற பேரில் உள்ள எண் அந்த வழக்கத்திலிருந்து வந்ததுதான். பேரப்பிள்ளைகள் காலம்வரை நின்ற தொழிலில் என்னை அசைத்தது அந்த நோட்டுதான் பெரியப்பா. ஒரு மனிதனின் ருசியை மறக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்!

1941 ஏப்ரலில் ஜெர்மன் குண்டு விழுந்து கடை நொறுங்கியது. இடிபாட்டுக்கு முன்னால் மேசை போட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். 1961இல் ஆல்பிரட்டின் மகள் மேரி நிறுவனத்தின் தலைவரானார். அதற்கப்புறம் தொழில் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. டன்ஹில் நிறுவனம் இன்று முக்கியமாக விற்பது கோட்டு, தோல் பை மாதிரி சாமான்கள். 2018இல் அந்தப் பெயரில் பைப் புகையிலை வருவதே நின்றுபோனது. அதன் பிறகு 965, டப்ளினின் பழைய பைப் நிறுவனமான பீட்டர்சன் பெயரில் திரும்பி வந்தது.

ஆகவே பெரியப்பா, நீங்கள் கேட்ட அந்தப் பழைய பைப் புகையிலைக் கடை இல்லை. எண் இருக்கிறது.

டாக்டர் சொன்னதும் நீங்கள் பைப்பை விட்டது எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. புது டப்பா வாங்கித் தர மாட்டேன். பொங்கலுக்கு வரும்போது இதைக் கொண்டு வருகிறேன். பெரியம்மாவின் நூல் உருண்டை உள்ளேயே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்